முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு டிராமடால் மாத்திரை: அம்மாவுக்குக் கொடுத்துப் பார்த்ததில்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் படிப்பவர்களுக்கு அது போதும். டிராமடாலும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை, அட்டையில் 37.5 மி.கி. + 325 மி.கி. என்று போட்டிருக்குமே, அதற்கு ஆபரேஷன் வலி நன்றாகவே கேட்கிறது. ஆனால் எந்தத் தேதியோடு நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, அதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் மெடிக்கலுக்குப் போக வேண்டும். நிறுத்தும் தேதி இல்லாத சீட்டோடு இந்த மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாபநாசம் பக்கம் எங்கள் ஊரில் முட்டி வலி இல்லாத வீடு கிடையாது. குனிந்து நாற்றுப் பறித்து, குனிந்து நட்டு, குனிந்து களையெடுத்தே குறுவையும் சம்பாவும் தாளடியுமாக ஆயுளை ஓட்டிய பெண்கள் எல்லோருக்கும் அறுபதைத் தாண்டினால் முட்டி தேய்ந்துவிடுகிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் டிவி மேலேயோ சாமி மாடத்திலேயோ ஒரு மாத்திரை அட்டை கிடக்கும், என்ன மாத்திரை என்று கேட்டால் "வலி மாத்திரை" என்றுதான் பதில் வரும். வலி மாத்திரையில் பல ரகம் உண்டு. பாரசிட்டமால் ஒன்று. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எல்லாம் வேறு, அவை நாள்பட்டால் வயிற்றையும் கிட்னியையும் பதம் பார்க்கும். டிராமடால், டேபென்டடால், கோடீன், மார்ஃபின், ஃபென்டனில் ஆகியவை ஓபியாய்டு என்கிற மூன்றாவது ரகம், சில அபினிலிருந்தே எடுப்பவை, சில அதே வேலையைச் செய்யும்படி ஆலையில் உருவாக்கியவை. இவை மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிற ஏற்பிகளில், அதாவது மருந்து வந்து பொருந்துகிற இடங்களில், ஒட்டிக்கொண்டு வலியை மட்டுப்படுத்துகின்றன, அதே ஏற்பிகள் மூச்சை நடத்துகிற பகுதியிலும் குடலிலும் இருப்பதால் மாத்திரை அங்கேயும் வேலை காட்டும். பலனும் ஆபத்தும் ஒன்றாகவே வருவது இதனால்தான்.

அம்மாவுக்கு வலது முட்டியில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஊசியிலேயே சமாளித்தார்கள், வீட்டுக்கு அனுப்பும்போது இந்த மாத்திரை, கூடவே வயிற்றுக்கு ஒன்று, இரத்தம் உறையாமலிருக்க ஒன்று. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வலி இறங்க ஆரம்பிக்கும், இரண்டு மூன்று மணி நேரத்தில் முழு பலன், அப்புறம் மெல்லக் குறைந்து ஆறு மணி நேரம் வாக்கில் வலி திரும்பவும் தலைகாட்டும். அம்மா அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது: "வலி இருக்கு பாப்பா, ஆனா அது என்னைய ஒண்ணும் பண்ணல." இந்த ரக மாத்திரையின் வேலையை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. வலியை அடியோடு துடைக்காது, தாங்கும்படி ஆக்கும். அந்தத் தாங்கும் நேரத்தில் காலை மடக்கி நீட்டுகிற பயிற்சியைச் செய்துவிட வேண்டும், மூட்டு மாற்றியவர்களுக்கு முதல் சில வாரப் பயிற்சிதான் எல்லாம். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பயிற்சி என்று வைத்துக்கொண்டோம், அது நல்ல ஏற்பாடு. பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. டிராமடால் விழுங்கிய வடிவத்திலேயே முழு வேலையையும் செய்வதில்லை. கல்லீரலில் ஒரு நொதி அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது, வலியை அமுக்குவதில் பெரும்பங்கு அந்தப் பொருளுக்குத்தான். அந்த நொதி சிலருக்குப் பிறவியிலேயே சோம்பல், அவர்களுக்கு மாத்திரை போட்ட மாதிரியே இருக்காது. சிலருக்கு அது படுவேகம், ஒரே மாத்திரையில் கிறங்கிப்போவார்கள். "எனக்கு இது நல்லா கேட்டுச்சு, நீயும் போடு" என்று பக்கத்து வீட்டு அத்தாச்சி அட்டையை நீட்டினால் வாங்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இல் 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு டிராமடாலும் கோடீனும் கூடாது என்று சொன்னதற்கும், பால் கொடுக்கும் தாய்மார்களை எச்சரித்ததற்கும் இந்த நொதி விவகாரம் முக்கியக் காரணம். குழந்தைகள் மூச்சு அடங்கி இறந்திருக்கிறார்கள். வீட்டில் பேரப்பிள்ளை இருமினால் பெரியவர்களுக்கு வாங்கிய கோடீன் இருமல் மருந்தை அரை மூடி ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

பக்கவிளைவுக்கு வருகிறேன். முதல் இரண்டு வேளைக்கு அம்மாவுக்குக் குமட்டல், எழுந்தால் கிறுகிறுப்பு. வெறும் வயிற்றில் போடாமல் இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுவிட்டுப் போட்டதும் குமட்டல் அடங்கியது. கிறுகிறுப்பை அப்படிச் சாதாரணமாக விட முடியாது. எங்கள் வீட்டில் கழிவறை கொல்லைப்பக்கம், இரண்டு படி இறங்க வேண்டும், ராத்திரி தூக்கக் கலக்கத்தில் தனியாகப் போய் விழுந்தால் புது முட்டியோடு இடுப்பும் போய்விடும். அதனால் கட்டில் பக்கத்திலேயே கமோடு நாற்காலி, ராத்திரி பல்பு, கூட ஒரு ஆள் என்று வைத்துவிட்டோம். வயதானவர்களுக்கு இந்த மாத்திரையால் வருகிற கெடுதலில் கீழே விழுவது பெரும்பங்கு, அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு டிராமடால் ஒரு நாளைக்கு 300 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது விதி, இளையவர்களுக்கே உச்சவரம்பு 400 மி.கி.தான், கிட்னி பழுதிருந்தால் இன்னும் குறைவு.

அடுத்தது மலச்சிக்கல். மற்ற தொந்தரவுகள் சில நாளில் உடம்புக்குப் பழகிப்போகும், இது மட்டும் மாத்திரை சாப்பிடுகிற கடைசி நாள் வரை பழகாது, ஏனென்றால் குடல் அசைவையே அது மந்தமாக்கிவிடுகிறது. கீரையும் பூவன் பழமும் மட்டும் போதாது. சிக்கல் வந்த பிறகு வைத்தியம் பார்ப்பதைவிட, முதல் மாத்திரையோடு சேர்த்தே ஒரு மலமிளக்கியையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், பிசகோடில் மாதிரி குடலைத் தூண்டுகிறதோ, லாக்டுலோஸ் திரவமோ. வெறும் இசப்கோல் வாங்கிக் கலக்கிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குறைவாகக் குடிக்க வைத்தால், மந்தமான குடலில் அது கட்டியாகி இன்னும் சிக்கலாகும். ஆபரேஷன் ஆனவர்கள் எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள், அதைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும்.

நான் மதிப்பெண் போடுவதென்றால் மாத்திரைக்கு ஐந்துக்கு நான்கு, டிஸ்சார்ஜ் நேரத்தில் கிடைத்த விளக்கத்துக்கு ஐந்துக்கு ஒன்று. "காலைல ஒண்ணு நைட்டு ஒண்ணு" என்று சொல்லிக் கையில் கொடுத்ததோடு சரி, அம்மா வேறு என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவுக்குச் சுகர் உண்டு, கால் எரிச்சலுக்குப் பிரிகாபலின் சாப்பிடுகிறார்கள், தூக்கம் வராத நாளில் அல்பிரசோலம் பாதி போடுவார்கள். மூன்றுமே இங்கே முக்கியம். அல்பிரசோலம் மாதிரித் தூக்க மாத்திரையும் ஓபியாய்டும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று கூட்டிக்கொண்டு மூச்சை மந்தமாக்கும், 2016-இல் அமெரிக்காவில் இதற்கென்றே மருந்துக் குறிப்புத் தாளில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட வைத்தார்கள். பிரிகாபலினோடு சேர்ந்தாலும் அதே பயம்தான், அதற்கான எச்சரிக்கை 2019-இல் வந்தது, நம் ஊரில் பாதி சுகர்க்காரர்கள் இதை "நரம்பு மாத்திரை" என்று சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். டிராமடால் சிலருக்குச் சர்க்கரையையும் இறக்கிவிடும், சுகர் மாத்திரை சாப்பிடுபவர் வேர்த்துக் கொட்டித் துவண்டு கிடந்தால் மாத்திரை மயக்கம் என்று விட்டுவிடாமல் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இத்தோடு முடியவில்லை. மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு டிராமடால் சேர்ந்தால் செரட்டோனின் என்கிற மூளை ரசாயனம் அளவுக்கு மீறி, நடுக்கம், காய்ச்சல், படபடப்பு, குழப்பம் என்று வரக்கூடும். வலிப்பு நோய் இருந்தவர்களுக்கு வலிப்பு திரும்பலாம், இல்லாதவர்களுக்கும் அளவு மீறினால் வரலாம். அப்புறம் பாரசிட்டமால் கணக்கு. இந்த மாத்திரைக்குள்ளேயே 325 மி.கி. பாரசிட்டமால் இருக்கிறது. உடம்பு சுடுகிறதே என்று யாராவது மேலே 650 மாத்திரை இரண்டு வேளை கொடுத்து, சளி மாத்திரை என்று இன்னொன்றையும் போட்டால், அதிலும் பாரசிட்டமால்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 4 கிராம்தான் உச்சம், கல்லீரல் பழுதானவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் அதுவும் அதிகம். நாங்கள் வீட்டில் இருந்த எல்லா அட்டையையும் ஒரு துணிப்பையில் அள்ளிப்போட்டு, மறுநாளே சுகர் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டினோம். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அல்பிரசோலத்தை நிறுத்தி வைத்து, பிரிகாபலினைக் குறைத்து, நிறுத்தும் தேதியையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இதே பையைத் தூக்கிக்கொண்டு நீங்களும் போங்கள்.

இனி கடைகள். மாத்திரை அட்டையின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு ஓடும், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கு அதுதான் அடையாளம். டிராமடால் அதைவிடக் கடுமையான எச்1 பட்டியலில் இருக்கிறது, 2014-இல் நடைமுறைக்கு வந்த விதி. அதன்படி கடைக்காரர் தனிப் பதிவேட்டில் நோயாளி பெயர், டாக்டர் பெயர், கொடுத்த அளவு எல்லாம் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளேயும் டிராமடாலைக் கொண்டுவந்துவிட்டார்கள். நாங்கள் வாங்குகிற மெடிக்கல்காரத் தம்பி இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தார். சீட்டின் தேதியைப் பார்த்தார், பதிவேட்டில் எழுதினார், சீட்டில் முத்திரை குத்தினார். "அக்கா, இதோட வேற டோலோ எதுவும் குடுக்காதீங்க, இதுலயே இருக்கு" என்று அவராகவே சொன்னார், ஆஸ்பத்திரியில் சொல்லாததை ஒரு கடைக்காரர் சொன்னார். விலையில் பிராண்டுக்குப் பிராண்டு நல்ல வித்தியாசம் இருக்கிறது, அதே அளவு உள்ள ஜெனரிக் மாத்திரை இருக்கிறதா என்று கேட்டால் எடுத்துத் தருவார். அந்தக் கடைக்கு ஐந்துக்கு ஐந்து.

எல்லாக் கடையும் இப்படி இல்லை. "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால் மூன்று நான்கு அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்துப் பேப்பரில் மடித்துக் கொடுக்கிற கடைகள் டெல்டா முழுக்க இருக்கின்றன. கத்தரிக்கும்போது பெயரும் போய்விடும், தேதியும் போய்விடும், அந்தச் சிவப்புக் கோடும் போய்விடும். அந்த மடிப்புக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்கும் தெரியாது, நாளைக்கு மயங்கி விழுந்தால் பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. அறுவடை நேரத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையை நாள் முழுக்கத் தூக்குகிற லோடுமேன்கள் சாயங்காலம் இந்தச் செட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் ஒரு குவார்ட்டரும் குடிக்கிறார்கள். உழைத்த உடம்பு வலிக்கத்தான் செய்யும், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் சாராயமும் ஓபியாய்டும் சேர்கிற இரவில் ஆள் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிப் போய்விடலாம், காலையில் பக்கத்தில் படுத்தவர் எழுப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். டிராமடாலை இறுக்கிய பிறகு டேபென்டடால் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இளைஞர்கள் போதைக்காக வலி மாத்திரை வாங்கிச் சிக்குகிற செய்திகளில் அந்தப் பெயர்தான் திரும்பத் திரும்ப அடிபடுகிறது. செட் மாத்திரை கொடுக்கிற கடையில் எதையுமே வாங்காதீர்கள், இருமல் மிட்டாய்கூட.

எங்கள் தெருவில் அம்மா எழுந்து நடப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த மாத்திரை பேரு என்ன, எனக்கும் முட்டி வலிக்குது." அவர்களுக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். தேய்மான முட்டி வலிக்கும் நாள்பட்ட இடுப்பு வலிக்கும் இது சரியான மருந்து இல்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் இப்படிப்பட்ட வலி உள்ள 240 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஓபியாய்டும் மறுபாதிக்குப் பாரசிட்டமால் மாதிரிச் சாதாரண வலி மருந்துகளும் கொடுத்து ஒரு வருஷம் பார்த்தார்கள், 2018-இல் முடிவு வெளியானது. நடமாட்டத்தில் இரு பக்கமும் வித்தியாசமில்லை, வலி ஓபியாய்டு பக்கம்தான் சற்றே அதிகம், தொந்தரவுகளும் அவர்களுக்கே அதிகம். 2023-இல் ஆஸ்திரேலியாவில் திடீர் இடுப்பு, கழுத்து வலிக்காரர்களுக்கு ஓபியாய்டு கொடுத்துப் பார்த்த சோதனையிலும் அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிடச் சிறப்பாக ஒன்றும் செய்யவில்லை. அறுத்துத் தைத்த புதுப் புண்ணின் வலி வேறு, பத்து வருஷமாக இருக்கிற தேய்மானம் வேறு. அந்த முட்டிக்குத் தொடைத் தசையை வலுவாக்குகிற பயிற்சி, எடைக் குறைப்பு, தடவுகிற களிம்பு, கீழே சம்மணம் போட்டு உட்காராமல் இருப்பது, இதையெல்லாம் பார்த்துவிட்டு முடியாவிட்டால் ஆபரேஷன்.

தேதி தாண்டிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் சித்தப்பா வீட்டில் பார்த்தோம். வரப்பில் சறுக்கி விழுந்து முதுகெலும்பில் விரிசல், அதற்கு எழுதிக் கொடுத்த டிராமடாலைச் சீட்டு முடிந்த பிறகும் எங்கிருந்தோ வாங்கி மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் ஒன்றுக்குக் கேட்ட வலி அப்புறம் மூன்றுக்குத்தான் கேட்டது. ஒருநாள் கடையில் கிடைக்காமல் சட்டென்று நின்றுபோனது, மறுநாளே ஓயாத கொட்டாவி, மூக்கில் தண்ணீர், வேர்வை, மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் முறுக்கி வலி, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. வீட்டில் விஷக்காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் போட்டுக் கொடுத்தார்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில்தான் அது என்ன என்று சொன்னார்கள். திரும்பவும் குறைந்த அளவில் மாத்திரை கொடுத்து, வாரம் வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி விட்டார்கள்.

இதில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பு பழகிப்போவது யாருக்கும் நடக்கும், ஒழுங்காகச் சாப்பிடுகிற நல்ல மனுஷனுக்கும் நடக்கும், அதனால் ஒருவரைப் போதைக்காரன் என்று சொல்லக் கூடாது. கெடுதல் என்று தெரிந்தும் விட முடியாமல், மாத்திரையைத் தேடுவதே வேலையாகிப்போவதுதான் அடிமைப்படுதல். அது ஒரு நோய், வெட்கப்பட ஒன்றுமில்லை, வைத்தியம் இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு 14416, இரண்டும் இலவசம். மாதக்கணக்கில் சாப்பிட்ட யாரும் தானாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம், வீட்டிலுள்ளவர்களும் கோபத்தில் அட்டையைப் பிடுங்கி வாய்க்காலில் எறிய வேண்டாம்.

இவ்வளவு படித்துவிட்டு யாராவது ஓபியாய்டு என்றாலே விஷம் என்று முடிவுகட்டினால் எனக்கு அது பெரிய வருத்தம். எங்கள் பெரியப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். வாழ்நாள் முழுக்க வெற்றிலையோடு புகையிலை. கடைசிக் காலத்தில் தாடை வலியில் அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். பார்த்த ஒரு மருத்துவமனையில் "மார்ஃபின் குடுத்தா அடிமையாயிடுவார்" என்று சொல்லிவிட்டார்கள். சாகப்போகிற மனுஷன் எதற்கு அடிமையாகிறார் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே புற்றுநோய் வலிக்குப் படிப்படியான முறை வகுத்து, கடும் வலிக்கு மார்ஃபின் என்று எழுதி வைத்திருக்கிறது. உலகத்துக்கு மருந்துக்கான அபின் விளைவித்துக் கொடுக்கிற நாடு நம்முடையது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில், உரிமம் வாங்கப் பயந்தே மருத்துவமனைகள் மார்ஃபின் வைப்பதை விட்டுவிட்டன. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் எளிதாக வைத்துக்கொள்ள வழி செய்தார்கள்.

பெரியப்பாவுக்குக் கடைசியில் அப்படி ஓர் இடத்தில்தான் கிடைத்தது. 10 மி.கி. மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வந்தாலும் வராவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், படுக்கும்போது இரண்டு மடங்கு, அப்போதுதான் நடுராத்திரி எழுப்ப வேண்டியதில்லை. கூடவே மலமிளக்கி. அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு அவர் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், பேரனோடு பேசினார். மார்ஃபின் ஆரம்பித்தால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அப்படி ஆகாது. புற்றுநோயாளி வீட்டில் இருந்தால் வலித்தணிப்புச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று அரசு மருத்துவமனையில் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முட்டி வலிக்குக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிற பொருள், புற்று வலிக்காரருக்குக் கெஞ்சினாலும் கிடைக்காமல் இருப்பது பெரிய அநியாயம்.

சிலருக்கு மாத்திரைக்குப் பதில் தோலில் ஒட்டுகிற பேட்ச் தருவார்கள். ஃபென்டனில் பேட்ச் மூன்று நாளைக்கு ஒன்று, பியூப்ரினார்ஃபின் என்றால் வாரத்துக்கு ஒன்று. நம் வீடுகளில் வலித்த இடத்தில் ஒத்தடம் கொடுப்பது கைவந்த பழக்கம், உப்புத் துணியோ சுடுதண்ணீர்ப் பையோ. பேட்ச் ஒட்டிய இடத்தில் மட்டும் எந்தச் சூடும் படக் கூடாது, சூடு பட்டால் மூன்று நாள் மருந்து வேகவேகமாக உடம்புக்குள் இறங்கிவிடும். காய்ச்சல் அடித்தாலும் அப்படியே, டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும். ஃபென்டனில் பேட்ச் ஏற்கெனவே இந்த ரக மருந்துக்குப் பழகிய உடம்புக்கு மட்டும்தான். கழற்றிய பேட்சிலும் மருந்து மிச்சம் இருக்கும், ஒட்டுகிற பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் குழந்தை கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

அளவு மீறியதன் அடையாளத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார், மூச்சு நீண்ட இடைவெளி விட்டு விட்டு வரும், தொண்டையில் கொரகொரவென்று குறட்டை மாதிரிச் சத்தம், உதடும் நகமும் நீலம் பூக்கும், கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கியிருக்கும். "நல்லா அசந்து தூங்குறார், தூங்கட்டும்" என்று விடுவதால்தான் உயிர் போகிறது. மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர், காபி எதையும் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, என்ன மாத்திரை என்று சொல்லி, அட்டையையும் கையோடு கொடுத்து அனுப்புங்கள். மூச்சே நின்றுவிட்டால் 108-இல் சொல்கிறபடி செயற்கைச் சுவாசம் கொடுக்க வேண்டும். நாலாக்சோன் என்ற ஊசி மருந்து ஓபியாய்டின் வேலையைத் திருப்பிவிடும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதால் கண் விழித்ததும் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடக் கூடாது, ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

அம்மா சீட்டில் எழுதிய தேதிக்கு முன்பே பாரசிட்டமாலுக்கும் ஐஸ் ஒத்தடத்துக்கும் மாறிவிட்டார்கள், வலி தாங்குகிற அளவுக்கு வந்ததும் டாக்டரைக் கேட்டுத்தான் மாற்றினோம். அதுவரை அட்டை பீரோவுக்குள் பூட்டித்தான் இருந்தது, வேளைக்கு ஒன்று எடுத்துக் கொடுப்பது நான் அல்லது அண்ணி, எத்தனை மிச்சம் என்று அட்டை மேலேயே பேனாவால் குறித்து வைத்தோம். மிஞ்சிய மாத்திரையை "யாருக்காவது ஆகும்" என்று வைத்திருப்பதில் அர்த்தமில்லை. 2025-இல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலில் 17 மருந்துகளை மட்டும் குப்பையில் போடாமல் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடச் சொல்லியிருக்கிறார்கள், டிராமடால், டேபென்டடால், மார்ஃபின், ஃபென்டனில் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நாங்களும் அப்படியே செய்தோம். காலி அட்டையை மட்டும் ஆபரேஷன் ஃபைலில் செருகி, எந்த வேளைக்குக் குமட்டியது, மலமிளக்கி எவ்வளவு தேவைப்பட்டது, எந்த மாத்திரைகளை நிறுத்தி வைத்தார்கள் என்று பின்னாலேயே எழுதி வைத்திருக்கிறேன். இடது முட்டிக்கு அடுத்த ஆபரேஷன் சம்பா அறுவடை முடிந்ததும், மயக்க டாக்டர் முதலில் இதைத்தான் கேட்பார்.